பரணில் அமர்ந்தவனும் பரண் கட்டியவனும்

கடல் கடந்த நாடுகளில், மான் வேட்டைப் பருவம் நெருங்கியதும் ஒரு கேள்வி எழுகிறது: எந்தப் பரண் வாங்கலாம்? ஆம், அங்கே பரண் கடைச்சரக்கு! இரும்பாலும் அலுமினியத்தாலும் ஆன பரண். தோளில் மாட்டிச் சென்று, வேண்டிய மரத்தில் பொருத்தி, அதனோடு சேர்ந்தே ஏறிச் சென்று, வேண்டிய உயரத்தில் அமர்ந்துகொள்ளக்கூடிய பரண். எடை எவ்வளவு, எவ்வளவு பாரம் தாங்கும், ஏறும்போது ஓசை எழுப்புமா, நழுவினால் உயிர் காக்கும் வார் உண்டா என்றெல்லாம் கேட்டறிந்து வாங்குகிறார்கள். நல்லது. வாங்குபவன் கேட்கவேண்டிய கேள்விகள்தாம் அவை.

நாம் கேட்கவிரும்புவது வேறொரு கேள்வி. தமிழகத்து மலைகளிலும் காடுகளிலும் ஈராயிரம் ஆண்டுகளாகப் பரண் இருந்துவந்திருக்கிறதே, அதைக் கட்டியவன் யார்? அதன்மேல் அமர்ந்தவன் யார்? இருவரும் ஒருவராயிருந்த காலம் எது? இருவேறு மனிதராய்ப் பிரிந்த காலம் எது? பிரித்தது எது? வேட்டைக் கதைகளைப் படிப்போர் புலியைப் பார்க்கிறார்கள், துப்பாக்கியைப் பார்க்கிறார்கள். பரணைத் தாங்கிய மூங்கிலையும், அந்த மூங்கிலை வெட்டிய கையையும் பார்ப்பதில்லை. வரலாறு எழுதுவோர் பலருக்கும் இதே கண்ணோய் உண்டு. கோட்டை தெரியும், கல் சுமந்தவன் தெரியான்!

மேனாட்டார் விற்கும் ஏறுபரணின் நுட்பம் என்ன? இரு பகுதிகள். ஒன்று கைக்கும் உடலுக்கும், மற்றொன்று காலுக்கும். இரண்டிலும் மரத்தைச் சுற்றி வளைக்கும் ஒரு பட்டை. பாரம் அழுந்தும்போது பட்டை மரத்தைக் கவ்வும். சற்றே சாய்த்துத் தூக்கினால் பிடி தளரும். மேற்பகுதியை உயர்த்தி, அதில் பாரத்தைத் தாங்கி, காலால் கீழ்ப்பகுதியை இழுத்து, மீண்டும் நின்று, மீண்டும் உயர்த்தி, இவ்வாறே ஏறவேண்டும். கிளையற்று நேராக உயர்ந்த மரம் இதற்குத் தேவை. வழவழப்பான பட்டையுள்ள மரம் ஆகாது. மேலே செல்லச் செல்லச் சட்டென மெலியும் மரமும் ஆகாது. இரு பகுதிகளையும் ஒரு கயிற்றால் பிணைத்துக்கொள்ளாவிட்டால், கீழ்ப்பகுதி நழுவி விழ, ஏறியவன் மேலே தொங்கவேண்டியதுதான்.

இதைப் படிக்கும் தமிழனுக்குப் புன்னகை பிறக்கவேண்டும். நம் பனையேறித் தோழன் காலில் பூட்டும் தளைநார் வேறென்ன? கையால் மரத்தை அணைத்து உடலைத் தாங்கி, தளையிட்ட கால்களைச் சேர்த்து உயர்த்தி, நாரின் பிடியில் நின்று, மீண்டும் கையை உயர்த்துகிறான். அதே தத்துவம்! பாரமே பிடியாகும் தத்துவம். ஏட்டில் எழுதாமல், உரிமைப் பட்டயம் கேட்காமல், தலைமுறை தலைமுறையாக அவன் கையாண்ட பொறியியல் அது. ஆனால் அங்கே அது விற்பனைப் பொருளாயிற்று. இங்கே அது இழிதொழில் என்று பெயர்பெற்றது. கருவி ஒன்றே, நாடு வேறு. நாடு மட்டுமா வேறு? மனிதனை மதிக்கும் முறையே வேறு!

சங்க இலக்கியத்தைப் புரட்டுவோம். பரணுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் ஒன்றா இரண்டா? இதணம் என்றனர், கழுது என்றனர், பணவை என்றனர். ஒரு பொருளுக்குப் பல பெயர் இருக்கிறதென்றால், அப்பொருளோடு மக்கள் நெருங்கி வாழ்ந்தனர் என்பதே பொருள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் பரண்மேல் இருப்பவள் ஓர் இளமங்கை. தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளை ஒலித்துத் தினைக்கதிரைக் கொய்யவரும் கிளிகளை ஓட்டுகிறாள். அவள் கையில் வில் இல்லை, அம்பு இல்லை. தன் குடும்பம் உழுது விதைத்த தினையைக் காக்கிறாள், அவ்வளவே.

இரவில் அந்தப் பரணில் ஆடவன் இருந்தான். அவனுக்குச் சேணோன் என்று பெயர். சேண் என்றால் உயரம், தொலைவு. உயரத்தில் இருப்பவன் சேணோன். அவன் மூட்டிய கொள்ளியின் ஒளி தொலைவில் இருப்போர்க்கு விண்மீனாகத் தோன்றியதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் குறித்திருக்கிறார். உயரத்தில் இருப்பவன் என்ற பெயர், அந்நாளில் உழைப்பாளிக்கு உரியதாயிருந்தது! பின்னாளில் அச்சொல் வழக்கொழிந்தது. உயர்ந்தோர் என்றால் உழைக்காதோர் என்று பொருள் மாறிற்று.

செஞ்சிக்கு மேற்கே உள்ள செங்கம், அந்நாளில் செங்கண்மா. அங்கிருந்து ஆண்ட நன்னனைப் பாடியதே மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அந்நூலில், பெருங்கௌசிகனார் வழிப்போக்கருக்கு ஓர் எச்சரிக்கை தருகிறார். மலைப்பாதையில் பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும், பார்த்து நடங்கள். புனம் காப்போர் உயர்ந்த இடங்களிலிருந்து யானையை விரட்டக் கவண்கல் எறிவர், மறைந்து செல்லுங்கள். மன்னனைப் பாட வந்த நூலில் மலைவாழ் மக்களின் தொழில்நுட்பம் இவ்வளவு விரிவாக வந்து அமர்ந்திருக்கிறது. தேனெடுப்போர் மலைமுகட்டில் ஏறச் சார்த்திய மால்பும் அந்நூலில் உண்டு. மால்பு என்பது கண்ணேணி: ஒற்றை மூங்கில், அதன் கணுக்களே படி. இன்றைய ஏறுபரணுக்கு நம் நாட்டில் மூதாதை யார் என்று கேட்டால், இந்த மால்பையும் பனையேறியின் தளையையும் காட்டலாம்.

வேட்டையே இல்லையா? இருந்தது. இல்லை என்று கூறுவது வரலாறாகாது. செஞ்சி வட்டாரத்துச் செத்தவரையில் பாறைமீது பண்டை மனிதன் தீட்டிய ஓவியங்களிடையே மானும் இருக்கிறது. தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியிருப்பின் முற்றத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானை ஈர்ப்பது அம்முறை. பசிக்காக வேட்டையாடினர், ஊனை உண்டனர், தோலைப் பாயாக்கினர், விருந்தினர்க்கும் பகிர்ந்தனர்.

அந்த வேட்டுவனின் வீட்டில் இரக்கம் இல்லையா? புறநானூற்றின் 320ஆம் பாட்டைப் பாருங்கள். வீரை வெளியனார் பாடியது. வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். அவன் கட்டிவைத்த பார்வைப் பிணையோடு காட்டுக்கலை ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. வேட்டுவன் மனைவி பார்க்கிறாள். ஓசை எழுந்தால் கணவன் விழித்துக்கொள்வான். கலையும் பிணையை விட்டு ஓடிவிடும். ஆதலால் அசையாது இருக்கிறாள். வேட்டையே பிழைப்பான குடிசையில், வறுமையே வாடகையின்றிக் குடியிருந்த வீட்டில், அந்த அம்மையின் உள்ளம் அவ்வாறு இருந்தது. இந்த மக்களைத்தான் பின்னாளில் காட்டுமிராண்டிகள் என்றனர், கதிமோட்சமற்றவர்கள் என்றனர்!

இனித் தொண்டூருக்கு வருவோம். செஞ்சியின் பக்கத்து ஊர். கோட்டையைக் காண வருவோரில் பெரும்பாலோர் அவ்வூரை எட்டிப்பார்ப்பதில்லை. அங்கே குன்றின் குகைத்தளத்தில் சமணத் துறவியர் தங்கக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முற்பட்டது என்று கணிக்கின்றனர். இளங்காயிபன் ஏவ, அகலூர் மோசி செய்தது அவ்வுறைவிடம் என்று அக்கல்வெட்டுக்குப் பொருள் கூறுவர். அகலூர் இன்றும் அருகிலேயே இருக்கிறது.

தோழர்களே, இந்த ஒரு வரியின் அருமையை எண்ணிப்பாருங்கள். கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்டோர்க்கு அமைந்த படுக்கை அது. எனவே மான் நடமாடிய குன்றில், மானுக்கு அச்சம் தராத மனிதர் தங்கியிருந்தனர். அது ஒரு சிறப்பு. அதைவிட மேலான சிறப்பு வேறொன்று. ஏவியவன் பெயரும் இருக்கிறது. செய்தவன் பெயரும் இருக்கிறது! இளங்காயிபனோடு மோசியும் கல்லில் வாழ்கிறான். ஏவியவனை மட்டும் எழுதி, செய்தவனை விட்டுவிடும் வழக்கம் தொண்டூர்க் குன்றில் இல்லை.

அக்குன்றிலிருந்து இறங்கிச் செஞ்சிக் கோட்டைக்கு வாருங்கள். நாயக்கர் ஆண்டனர், பீஜப்பூர்ப் படை வந்தது, 1677இல் சிவாஜி கைப்பற்றினார், 1698இல் நீண்ட முற்றுகைக்குப்பின் மொகலாயர் கைக்கு மாறியது, 1714இல் தேசிங்கு வீழ்ந்தார், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். 2025இல் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் இராஜகிரி உச்சிக்குக் கல் ஏற்றியவர்களின் பட்டியல் எங்கே? தேசிங்கின் குதிரைக்குக்கூடக் கதைப்பாட்டில் பெயர் உண்டு, கல்லேற்றியவனுக்கு இல்லை. தொண்டூர் மோசிக்குக் கிடைத்த நீதி, கோட்டை கட்டிய மோசிகளுக்குக் கிடைக்கவில்லை.

அரசர் வந்தபின் வேட்டையின் பொருளே மாறிற்று. பசிக்கு வேட்டை போய், புகழுக்கு வேட்டை வந்தது. வேட்டையாடுதல் வேந்தர்க்கு அணி என்று பாடப் புலவர் வந்தனர். அரசனுக்கு உண்டென்றால் ஆண்டவனுக்கு வேண்டாமா? கோயில் உற்சவங்களில் பரிவேட்டை புகுந்தது. சாமியும் குதிரையேறி வேட்டைக்குப் புறப்பட்டது! அன்பே உருவானவர் என்று காலையில் பாடி, மாலையில் அவர் கையில் வேலைக் கொடுத்து வேட்டைக்கு அனுப்பும் விந்தையைப் பகுத்தறிவுள்ளோர் எண்ணிப்பார்க்கவேண்டாமா?

அடுத்து வந்தான் வெள்ளையன். அவன் சட்டத்தோடு வந்தான். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்: இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. 1879ஆம் ஆண்டு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். 1882ஆம் ஆண்டு சென்னைக் காட்டுச் சட்டம். காடு, ஒதுக்கப்பட்ட காடாயிற்று. யாருக்கு ஒதுக்கப்பட்டது? யாரிடமிருந்து ஒதுக்கப்பட்டது? கறிக்காக ஒரு மானை வீழ்த்திய மலைவாணன் திருடன். கொம்புக்காகப் பத்து மான்களைச் சுட்ட துரை, வேட்டைப் பிரியர்! ஒரே காடு, ஒரே மான், ஒரே சாவு. தோல் நிறத்தைப் பார்த்துப் பெயர் மாறியது. மனுவின் நீதியை எதிர்த்துப் பேசும் நாம், மனுவே வியக்கத்தக்க இந்த நீதியையும் மறக்கலாகாது.

துரையின் பரண் எப்படி அமைந்தது? ஊரார் கொம்புகளை வெட்டினர். கிளை பிரியும் இடத்தில் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக் கட்டினர். தழை சார்த்தி மறைத்தனர். ஏணி வைத்தனர், துரை ஏறினார். பின்னர் அதே ஊரார் பறை கொட்டிக் காடு கலைத்து, விலங்கைப் பரண் பக்கம் ஓட்டினர். சிந்தியுங்கள்: துப்பாக்கி ஏந்தியவன் மரத்தின்மேல், வெறுங்கையன் புதருக்குள், புலியோடு, தரைமேல்! ஆபத்து அவனுக்கு, படம் பிடித்துக்கொள்வது இவர். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளக் காட்டில் வேட்டைக்கு எழுந்தருளினார். பத்து நாட்களில் அவருடைய குழு 39 புலிகளைச் சாய்த்தது என்பது பெருமையோடு எழுதப்பட்ட கணக்கு. காடு கலைத்தோர் எத்தனை பேர் காயமுற்றனர் என்ற கணக்கை அவ்வளவு பெருமையோடு எழுதியவர் உண்டோ?

பரண் கட்டுவது எளிதன்று. அது ஓர் அறிவு. மானின் கண்ணைவிட மூக்கு கூர்மை, காதும் கூர்மை. எனவே காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதே முதற் கேள்வி. வெயில் ஏறும்போது மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி எழும். மாலையில் தரை குளிர, காற்று கீழ்நோக்கி இறங்கும். காலைக்கு ஏற்ற மரம் மாலைக்கு ஆகாது. மான் நீருக்குச் செல்லும் தடம், உதிர்ந்த பழம் தின்ன வரும் மரம், புழுக்கை பழையதா புதியதா, கொம்பு உரசிய பட்டை எந்த உயரத்தில் உரிந்திருக்கிறது என்பனவற்றையெல்லாம் பார்க்கவேண்டும். முதுகுக்குப் பின்னே அடிமரமோ தழையோ இல்லாவிட்டால் வானத்தின் வெளிச்சத்தில் உருவம் தெரிந்துவிடும். மிக உயரம் போனால் மணம் தரையில் படுவது குறையலாம். ஆனால் குறி சரியாமல் அமையாது, விழுந்தால் பிழைப்பதும் அரிது. பதினைந்து, இருபது அடியே போதும் என்பது பல நாட்டு வேட்டுவர் கண்ட முடிவு.

இந்த அறிவு யாருடையது? துரையின் நூலகத்திலிருந்து வந்ததா? கென்னத் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து வழியினர், 1954இல் தொடங்கி வெளிவந்த தம் வேட்டை நூல்களில், பழைய சேலம் மாவட்டத்துக் காடுகளைப் பற்றி எழுதினார். அவருக்குக் காட்டைக் கற்பித்தவருள் ஒருவர் பைரா என்னும் பூசாரி இனத்து மலைவாணர். ஆண்டர்சன் அதை மறைக்கவில்லை, நன்றியோடு எழுதினார். அவ்வளவில் அவரைப் பாராட்டுவோம். அப்படி ஏட்டில் ஏறிய பெயர்கள் சில. ஏறாத பெயர்களோ பல.

இன்று வேட்டை முடிந்த கதை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடைசெய்தது. தேவையான சட்டமே. துப்பாக்கி நூறாண்டில் செய்த அழிவை வில்லும் வலையும் ஆயிரம் ஆண்டிலும் செய்யவில்லை. அழிவைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தின் சுமை யார் தோளில் முதலில் இறங்கியது? பாம்புத்தோல் வணிகம் நின்றபோது, வணிகன் வேறு சரக்குக்கு மாறினான். பிடித்துக் கொடுத்த இருளர் பட்டினியானார். அந்நிலையில் 1978இல் தொடங்கப்பட்டதே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். பாம்பைக் கொல்லாமல், நஞ்சை மட்டும் எடுத்து, விட்டுவிடும் முறை. அந்த நஞ்சிலிருந்து ஆகும் மருந்து, பாம்புக்கடிபட்டோரின் உயிரை இந்தியா முழுதும் காக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். மந்திரம் பாம்புக்கடியைத் தீர்க்கவில்லை. இருளரின் அறிவும் ஆய்வுக்கூடத்தின் அறிவும் கைகோத்துத் தீர்த்தன. செஞ்சி வட்டாரத்திலும் இருளர் குடிசைகள் உண்டு. அவர்களுள் எத்தனை பேருக்கு வீட்டுமனையும் சாதிச்சான்றும் கிடைத்தன என்று கேட்பது, விருதைப் பாராட்டுவதற்கு அடுத்த கடமை.

ஏறுகிறவனைப் பற்றிய கேள்வியும் தீரவில்லை. மரமேறுவோரை இந்நாடு எப்படி நடத்திற்று? மரத்தின் உச்சிக்குச் சென்றவனைச் சமுதாயத்தின் அடியில் வைத்தது. பனையேறும் குலத்தவர் என்று கூறி நாடார் மக்களுக்குக் கோயில் கதவை அடைத்தது. 1897இல் கமுதிக் கோயிலுள் அவர்கள் நுழைந்தனர், வழக்காயிற்று, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது, 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பும் வந்தது! அவன் இறக்கிய பதநீரிலிருந்து காய்ச்சிய கருப்பட்டி இனித்தது. அவன் நிழல் கசந்தது. இதைவிட மானக்கேடான கணக்கு வேறுண்டா?

ஏறியவன் விழுந்தால், மரத்தில் முனி இருக்கிறது, அடித்துவிட்டது என்பர். முனிக்குச் சேவல் அறுப்பர். விழுந்தவனின் முறிந்த முதுகை யாரும் பாரார். தோழர்களே, மரத்தில் முனி இல்லை. ஈரமான பட்டை இருக்கிறது. தேய்ந்த நார் இருக்கிறது. களைத்த கை இருக்கிறது. காப்பு வார் இல்லை. மேனாட்டு வேட்டைக்காரனும் விழுகிறான். அவன் முனியைக் குறை கூறவில்லை; தரையிலிருந்து காலெடுக்கும் கணத்திலேயே உடலை மரத்தோடு பிணைக்கும் வார்க்கச்சையை உருவாக்கினான். பொழுதுபோக்குக்கு ஏறுபவனுக்கு அத்தனை பாதுகாப்பு உண்டென்றால், பிழைப்புக்கு ஏறுபவனுக்கு ஏன் இல்லை?

வழி இல்லாமலில்லை. கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உழவர் ஒருவர், இரு காலுக்கும் மாறிமாறி மரத்தைக் கவ்வும் கருவியைத் தென்னைக்கென உருவாக்கினார். அதைக் கொண்டு பெண்களும் மரமேறக் கற்றுத் தொழில் செய்கின்றனர். சாதி கூறித் தள்ளிய தொழிலைக் கருவி மீட்கிறது. பழக்கத்துக்கு மட்டுமே கிட்டிய திறனைப் பயிற்சி பொதுவாக்குகிறது. பனைக்கும் ஏற்றவாறு அத்தகைய கருவிகளைச் செம்மைப்படுத்தி, வார்க்கச்சையோடு சேர்த்து, கூட்டுறவின் வாயிலாக ஊர்தோறும் வழங்கினால் என்ன?

பயிர் காக்கும் பரணும் மறையவில்லை. காட்டுப்பன்றிக்கு அஞ்சி இரவெல்லாம் கண்விழிக்கும் உழவனை மலையடிவார ஊர்களில் இன்றும் காணலாம். களைத்தவன் சிலவேளை வேலியில் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடுகிறான். பன்றியோடு பக்கத்து வயல்காரனும் மடிகிறான். இழப்பீடு உரிய காலத்தில் வந்தால், சூரிய ஒளியால் இயங்கும் தீங்கற்ற வேலி எளியவனுக்கும் எட்டினால், அந்தச் சாவுகள் நேரா. குறிஞ்சிப்பாட்டு மங்கை தட்டையை ஒலித்து, கொல்லாமலே காத்தாள். ஈராயிரம் ஆண்டு கழித்து, இத்தனை அறிவியல் கைவந்தபின், நாம் கொன்றுதான் காக்கவேண்டுமா?

இளைஞர்காள்! அடுத்தமுறை செஞ்சிக்குச் செல்வோர் தொண்டூருக்கும் செல்லுங்கள். அந்தக் கற்படுக்கையின் அருகே நின்று மோசியின் பெயரைப் படியுங்கள். பிறகு உங்கள் ஊருக்குத் திரும்பி, பனையேறுவோர் எத்தனை பேர், விழுந்து முடமானோர் எத்தனை பேர், அவர்களுள் நலவாரியத்தில் பதிவுபெற்றோர் எத்தனை பேர் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுங்கள். ஏவியவர் பெயரைப் பொறிக்க ஏராளமான கல் உண்டு. செய்தவர் பெயரை எழுத உங்கள் கையில் ஓர் ஏடாவது இருக்கட்டும்.